வானிலே இடமுண்டு என்பார்க்கு

இயந்திரமில்லா விமானங்கள் நடுவானில் ஒன்றோடொன்று மோதாதிருப்பதற்கென அமைந்த கருவியைப் பற்றி வட்டுக்கோட்டையில் இருந்துகொண்டு ஒருவன் எழுதுவானேன் என வினவுவோர் இருப்பர். வினா நியாயமானதே. வயலும் பனங்கூடலும் தரவையுமாகக் கிடக்கும் இந்நிலத்திலே மலையில்லை; கிளைடரை மேலேற்றிவிடும் கழகமில்லை; பொழுதுபோக்குக்காகப் பறப்பதற்கு வேண்டிய பணமும் எம்மவருள் மிகச் சிலரிடமே உண்டு. ஆயினும், எம்மிடம் இல்லாத ஒன்றைப் பற்றி நாம் சிந்திக்கவும் கூடாது என்பது ஒரு வாதமாகாது. மேலும், தமிழில் எழுதப்படும் விஞ்ஞானக் கட்டுரைகளிற் பெரும்பாலானவை விந்தை கூறுவனவாகவே அமைந்துவிடுகின்றன. இன்ன கருவி கண்டுபிடிக்கப்பட்டது, அஃது இன்னின்ன அற்புதம் செய்யும் என்பதோடு அவை முற்றுப்பெறும். கண்டுபிடிக்கப்பட்ட கருவி கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும் மனிதர் அதனை ஏன் பயன்படுத்தாது விடுகின்றனர் என்ற வினாவை அவை எழுப்புவதில்லை. எனக்கு விந்தையிலும் பார்க்க இவ்வினாவே முக்கியமாகத் தோன்றுகின்றது.

வானத்தைப் பற்றி வாதிடுவது இவ்வூருக்குப் புதிதுமன்று. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே வானியல் ஒரு பாடமாகப் போதிக்கப்பட்டது. 1829 இல் ஒரு சந்திரகிரகணம் பற்றிப் பஞ்சாங்கக் கணிதரான விசுவநாத சாத்திரியாரின் கணிப்புக்கும் செமினரியின் தலைவர் தானியேல் பூவரின் கணிப்புக்குமிடையே வேறுபாடு எழுந்தது. அவ்வழக்கைத் தீர்த்தது எவருடைய மதிப்புமன்று, எவருடைய மதமுமன்று. அன்றிரவு பலர் வானத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தமையே தீர்த்தது. கண்ணையும் பழக்கத்தையும் அளவையையும் பற்றிய இக்கட்டுரையை இங்கிருந்து எழுதுவதிலே தவறில்லையென நினைக்கின்றேன்.

கிளைடர் என்பதற்குச் சறுக்கு விமானம், மிதவை விமானம் எனத் தமிழிற் பல பெயர் கூறுவர். பெயர்ப் பூசலில் இறங்காது கிளைடர் என்றே ஈண்டு வழங்குவேன். இதற்கு இயந்திரம் இல்லை. வேறொரு விமானம் கயிற்றினால் இழுத்துச் சென்றோ, நிலத்திலுள்ள சுழலி கயிற்றைச் சுருட்டியோ இதனை மேலேற்றிவிடும். கயிறு கழன்ற கணம் முதல் அது தன்னைச் சூழ்ந்த காற்றினூடாக ஓயாது கீழிறங்கிக்கொண்டே இருக்கும். அது மேலெழ வேண்டுமாயின், தான் இறங்கும் வேகத்தினும் கூடிய வேகத்தில் எழுகின்ற காற்றைத் தேடி அதனுள் நுழைதல் வேண்டும். வெயிலிற் சுட்ட நிலத்திலிருந்து காற்றுத் தூணாக எழும். மலைச்சரிவில் மோதிய காற்று மேனோக்கித் திரும்பும். மாசி பங்குனி வெயிலில், அறுவடை முடிந்த வயலின் மேலே பருந்துகள் சிறகசைக்காது வட்டமிட்டு உயர்வதைக் கண்டவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

இந்தியாவிலே இவ்விளையாட்டு ஓரளவு வேரூன்றியுள்ளது. பூனா நகரின் ஹடப்சரிற் கிளைடர் பறத்தல் நிலையமொன்று நெடுங்காலமாக இயங்கிவந்துள்ளது. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் இந்தியச் சிவில் விமானத் திணைக்களம் தானே கிளைடர்களை வடிவமைத்தது. அவற்றுக்கு அஸ்வினி, ரோகிணி, கார்த்திக், பரணி என நட்சத்திரப் பெயர்களைச் சூட்டினர். பஞ்சாங்கம் பார்த்துப் பயணம் புறப்படும் எம்மவர்க்கு இப்பெயர்கள் அந்நியமாகத் தோன்றா.

‘வானம் எல்லையற்றது, அங்கே இருவர் மோதிக்கொள்வது எவ்வாறு?’ என்பதே பொதுமக்கள் கூற்று. விமானிகள் சிலரும் இவ்வாறு கூறுவது வியப்பளிக்கின்றது. வானம் பரந்ததுதான். ஆனால் எழுகாற்று பரந்ததன்று. ஒரு பொழுதில், ஒரு பிரதேசத்தில், பயன்படத்தக்க எழுகாற்றுத் தூண்கள் சிலவே இருக்கும். ஒருவன் அத்தகைய தூணொன்றில் வட்டமிடுவதைக் கண்ட மற்றவர்கள் நாற்புறமிருந்தும் அதனை நோக்கியே வருவர். அனைவரும் ஒரே திசையிற் சுழல வேண்டும் என்பது வழக்கம். முதலில் நுழைந்தவன் எத்திசையோ ஏனையோரும் அத்திசை. பருந்துக் கூட்டத்தைப் போலச் சில நூறு மீற்றர் அகலத்தினுள் பத்துப் பதினைந்து கிளைடர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழல்வது போட்டிகளிற் சாதாரண காட்சி. மலைமுகட்டிலோ நிலைமை இன்னும் நெருக்கமானது. எழுகாற்றுள்ள ஒடுங்கிய பட்டையிலே அனைவரும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் போவதும் வருவதுமாக இருப்பர். ஆகவே கிளைடருக்கு வானம் என்பது கடலன்று. அது ஒரு வாய்க்கால்.

இது வெறும் ஊகமன்று. இமாசலப் பிரதேசத்தின் பீர்-பில்லிங் மலைச்சரிவு, துணிச்சிறகுகொண்டு பறக்கும் பரகிளைடர் வீரர்களுக்கு உலகப் புகழ் பெற்ற தலம். 2024 ஒற்றோபர் இறுதியில் அங்கே இரு பரகிளைடர்கள் நடுவானில் மோதியதிற் பெல்ஜிய நாட்டவர் ஒருவர் உயிரிழந்தார். பிரித்தானியாவிலே 2009 யூன் 14 இல், ஒக்ஸ்போட் அருகே டிரேய்ற்றன் என்னுமிடத்தின் மேல், விமானப்படைப் பயிற்சி விமானமொன்றும் கிளைடரொன்றும் மோதின. கிளைடர் விமானி பரசூட்டிற் குதித்துத் தப்பினார். பயிற்சி விமானத்திலிருந்த பயிற்றுநரும் பதின்ம வயது மாணவனும் மாண்டனர். நல்ல பகல் வெளிச்சம், பயிற்சி பெற்ற கண்கள், பரந்த வானம்.

இனிக் கண்ணைப் பற்றிக் கூறவேண்டும். ‘கண்டு விலகு’ என்பதே இன்றும் கிளைடர் விமானிகளின் முதற் சட்டம். சட்டத்தை நான் பழிக்கவில்லை. அதன் எல்லையைக் கணக்கிட்டுப் பார்க்குமாறே கேட்கின்றேன். மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் இரு கிளைடர்கள் எதிரெதிரே வருகின்றன எனக் கொள்வோம். அவற்றின் இடைவெளி செக்கனுக்கு ஏறத்தாழ 83 மீற்றர் வீதம் குறையும். ஒரு கிலோமீற்றர் 12 செக்கனிற் கழிந்துவிடும். மறுபுறத்தில், ஐக்கிய அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்கு வெளியிட்ட ஆலோசனை ஏட்டிலே, ஒரு பொருளைக் காண்பது, அது விமானமென உணர்வது, மோதும் பாதையில் வருகின்றதென அறிவது, எப்பக்கம் விலகுவதெனத் தீர்மானிப்பது, கை அசைவது, விமானம் பணிவது ஆகிய அனைத்துக்கும் 12.5 செக்கன் வேண்டுமெனக் கணக்கிடப்பட்டுள்ளது. எனவே எதிரே வருபவனை ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலே கண்டுவிட வேண்டும். முன்னிருந்து பார்க்கையில் அவன் விமானத்தின் உடல் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் அகலமானது. சிறகு 15 மீற்றருக்கு நீண்டிருப்பினும் அதன் தடிப்பு ஒரு சாணுக்கும் குறைவு. ஒரு கிலோமீற்றர் தூரத்திலே 60 சென்ரிமீற்றர் என்பது, 10 மீற்றருக்கு அப்பால் வைக்கப்பட்ட ஒரு கடலையின் அளவினது. அக்கடலையும் வெண்ணிறமானது. கண்ணாடி இழையும் பிசினுங் கொண்டு செய்யப்பட்ட சிறகு வெயிலிற் சூடேறி வலுவிழக்கக் கூடாது என்பதற்காகக் கிளைடர்களுக்கு வெண்ணிறம் பூசுவர். வெண்முகிலின் முன்னே வெண்கடலையைத் தேடுமாறு கண்ணுக்குக் கட்டளையிடுகின்றோம்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. மனிதக் கண் அசைவதை எளிதிற் காணும். அசையாததை எளிதிற் காணாது. எம்மோடு மோதப் போகின்ற விமானமோ எமது பார்வையில் அசைவதே இல்லை. இருவரும் நேர்கோட்டில் மாறா வேகத்திற் சென்று ஒரே புள்ளியிற் சந்திக்கப் போகின்றனராயின், மற்றவன் கண்ணாடியில் ஒரே இடத்திலேயே ஒட்டிய புள்ளியாக நிற்பான். இறுதிச் சில செக்கன்களில் மாத்திரம் அப்புள்ளி திடீரென வீங்கும். இதனை எமது கடற்றொழிலாளர் நன்கறிவர். எதிர் வள்ளத்தின் வெளிச்சம் அணியத்துக்கு இப்பாலோ அப்பாலோ நகருமாயிற் பயமில்லை. ஒரே இடத்தில் நின்று பெருக்குமாயின் ஆபத்து. 1972 ஆம் ஆண்டுச் சர்வதேசக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளும் இதனையே கூறுகின்றன: அணுகும் கலத்தின் திசைக்கோணம் மாறாதிருப்பின் மோதும் அபாயம் உண்டெனக் கொள்ள வேண்டும். ஆக, எந்த விமானம் எம்மைக் கொல்லுமோ அந்த விமானத்தைக் காண்பதற்கே எமது கண் மிகவும் தகுதியற்றது. கவனக்குறைவால் மோதினர் எனச் செய்தி எழுதுவோர் இவ்வுண்மையை அறியாது எழுதுகின்றனர். சில வேளை, இறந்தவன்மேற் பழியைப் போடுதல் எளிது என்பதால் அறிந்தும் எழுதுகின்றனர்.

2004 அளவிற் சுவிற்சர்லாந்திலிருந்து ஃபிளார்ம் எனும் கருவி வந்தது. கிளைடர் பறப்போரிடையேயிருந்தே அது பிறந்தது. ஜி.பி.எஸ். மூலம் தன் இடத்தை அறிந்து, அமுக்கமானியினால் உயரத்தை அறிந்து, அடுத்த சில செக்கன்களில் தான் எங்கே இருக்கும் என்பதை ஊகித்து, அவ்வூகத்தைக் குறைவலு வானொலியிற் சில கிலோமீற்றர் தூரத்துக்கு அது ஒலிபரப்பும். அயலிலுள்ள கருவிகளின் ஒலிபரப்பையும் கேட்டு, இரு பாதைகளும் வெட்டுமாயின் ஒலியெழுப்பி, எத்திசையிற் பார்க்க வேண்டுமென விளக்குகளாற் காட்டும். பெரிய பயணிகள் விமானங்களிலே உள்ள மோதல் தவிர்ப்பு முறை கிளைடருக்கு ஒவ்வாது. அம்முறைக்கு ஒரே தூணிற் சுழலும் பத்துக் கிளைடர்களும் பத்து விபத்துகளாகவே தோன்றும். ஃபிளார்ம் கிளைடர் வட்டமிடும் என்பதை அறிந்தது. வட்டத்தின் தொடர்ச்சியையே கணக்கிடுவது. அதன் பின்னருங்கூட, நெருங்கிய கூட்டத்தில் அது அடிக்கடி அலறத்தான் செய்கின்றது. அக்குறையை மறைக்க வேண்டியதில்லை.

இக்கருவியின் இயல்பிலே ஒரு புதுமை உண்டு. வாதம் முழுவதும் அதிலேயே தங்கியுள்ளது. பரசூட் தனித்து நின்றே அணிந்தவனைக் காக்கும். தலைக்கவசமும் அவ்வாறே. மோதல் தவிர்ப்புக் கருவியோ இருவரிடமும் இருந்தாலன்றி எவரையும் காக்காது. பத்திலொருவர் இக்கருவியை வைத்திருப்பின், எதேச்சையாக எதிர்ப்படும் இருவரிடமும் அஃது இருப்பதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றே. பாதிப்பேர் வைத்திருப்பின் நூற்றுக்கு 25. பத்துக்கு ஒன்பது பேர் வைத்திருந்தபோதிலும் நூற்றுக்கு 81 தான். எனவே முதலில் வாங்குபவன் ஏறத்தாழ ஒன்றையும் பெறான்; அவன் தன் பணத்தைக் கொடுத்துப் பிறருடைய பாதுகாப்பையே வாங்குகின்றான். இறுதியில் வாங்குபவனோ அனைவரும் கொடுத்த பணத்தின் பயனைத் தன் ஒரு கருவியினால் முழுதாகப் பெற்றுவிடுகின்றான். சந்தை எனும் தெய்வம் எல்லாவற்றையும் தானே ஒழுங்குசெய்யும் என நம்புவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப்பார்க்க வேண்டும். ஒவ்வொருவனும் தன்னலத்தை மாத்திரம் கருதுவானாயின் இக்கருவியை எவனும் முதலில் வாங்கமாட்டான்.

அவ்வாறிருந்தும் சுவிற்சர்லாந்திலே ஒரு சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான கிளைடர்களில் இஃது ஏறிற்று. சட்டம் கட்டளையிடவில்லை. பறப்போர் தாமே முடிவு செய்தனர். பிரான்சிலே கிளைடர் பறத்தற் சம்மேளனம் தன் கழகங்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. உலகக் கிளைடர் போட்டிகளிலும் இன்று இது கட்டாயம். தனி மனிதன் தீர்மானிக்க முடியாததைக் கழகம் தீர்மானித்தது என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இதனோடு அரசுகளின் வரலாற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். 1956 யூன் 30 இல் ஐக்கிய அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கின் மேல் இரு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் மாண்டனர். மோதல் தவிர்ப்புக் கருவி பற்றிய ஆராய்ச்சி அதன் பின்னரே ஊக்கம் பெற்றது. ஆராய்ச்சி நடந்தது; மாநாடுகள் நடந்தன; கருவி விமானத்தில் ஏறவில்லை. 1986 ஓகஸ்ற் 31 இல் கலிபோர்னியாவின் செரிற்றோசில் பயணிகள் விமானமும் சிறு விமானமும் மோதின. நிலத்தில் இருந்தோர் 15 பேர் உட்பட 82 பேர் மாண்டனர். 1987 இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் கருவியைக் கட்டாயமாக்கியது. இடையில் 31 ஆண்டு. அதன் பின்னரும் உலகம் முழுவதும் அப்பாடத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. 1996 நவம்பர் 12 மாலை, டில்லிக்கு அருகே சார்க்கி தாத்ரி எனும் ஊரின் மேலே, சவூதி விமானம் 14,000 அடியில் ஏறிவர, கசாக்ஸ்தான் விமானம் தனக்கு வகுக்கப்பட்ட 15,000 அடிக்குக் கீழே இறங்கிற்று. 349 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. நடுவானில் நிகழ்ந்த மோதல்களில் இன்றுவரை இதுவே ஆகக் கூடிய உயிர்களைக் கொண்டது. சவூதி விமானத்தில் இருந்தோருட் பெருந்தொகையினர் வளைகுடா நாடுகளிற் கூலிவேலைக்குப் புறப்பட்டவர்கள். மோதல் தவிர்ப்புக் கருவி இரு விமானத்திலும் இருக்கவில்லை. அப்போது அது கண்டுபிடிக்கப்படாத பொருளுமன்று. அமெரிக்க வானிலே மூன்றாண்டுகளாகக் கட்டாயமாக இருந்த பொருள். இந்தியா தன் வான்பரப்பிற் பறக்கும் பெரிய விமானங்களுக்கு அதனைக் கட்டாயமாக்கியது தாத்ரியின் கடுகு வயல்களிற் பிணம் பொறுக்கியதன் பின்னரே.

ஆகவே, ‘சட்டம் வரட்டும், அப்போது பொருத்துவோம்’ எனும் கிளைடர் விமானிக்கு நான் கூறுவது இது: சட்டம் வரும், அஃது எவனோ ஒருவனுடைய பிணத்தின் மேலேறித்தான் வரும், அந்த ஒருவன் நீயாகவும் இருத்தல் கூடும்.

எதிர்வாதங்களுள் வலிமை குறைந்ததை முதலில் எடுத்துக்கொள்வோம். கருவி வந்தால் விமானி வெளியே பார்க்கமாட்டான், கருவியையே பார்த்துக்கொண்டிருப்பான் என்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் லிங்கன் ஆய்வுகூடத்திலே நடந்த ஆய்வுகள் இதற்கு மறுமொழி கூறிவிட்டன: எங்கே பார்க்க வேண்டுமென எச்சரிக்கப்பட்ட விமானியின் ஒரு செக்கன் தேடல், எச்சரிக்கப்படாதவனின் எட்டுச் செக்கன் தேடலுக்குச் சமம். கருவி கண்ணை வெளியேற்றவில்லை. கண்ணுக்கு வேலை கொடுக்கின்றது. 2002 யூலை 1 இல் ஜேர்மனியின் ஊபர்லிங்கன் நகரின் மேல் 71 பேர் மாண்ட விபத்தையும் சிலர் எடுத்துக்காட்டுவர். அங்கே இரு விமானத்திலும் கருவி இருந்தது. ஒரு விமானி கருவியின் கட்டளைக்குப் பணிந்தார், மற்றவர் தரையிலிருந்த கட்டுப்பாட்டாளரின் கட்டளைக்குப் பணிந்தார். இருவரும் கீழே இறங்கினர். அது கருவியின் தோல்வியன்று. இரண்டு எசமானர் இருந்தமையின் தோல்வி. கிளைடர்க் கருவியோ எக்கட்டளையும் இடுவதில்லை. பார் என்று மாத்திரமே கூறுகின்றது.

வலிய எதிர்வாதம் வேறு. ‘நான் விடுதலை நாடி வானத்துக்கு வருகின்றேன். அங்கேயும் என்னை ஒரு பெட்டி கண்காணிக்க வேண்டுமா? என் உயிர், என் விருப்பு.’ இப்பேச்சு கேட்பதற்கு அழகாக இருக்கின்றது. 2006 ஓகஸ்ற் 28 இல் ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலே, ஏறத்தாழ 16,000 அடி உயரத்தில், ஐந்து பேரோடு இறங்கிக்கொண்டிருந்த சிறு ஜெட் விமானம் ஒரு கிளைடரை மோதிற்று. கிளைடரில் ரான்ஸ்பொண்டர் எனும் பதிற்கருவி பொருத்தப்பட்டேயிருந்தது. அதிலிருந்து ஒரு சைகை வந்திருப்பின் ஜெட் விமானத்தின் மோதல் தவிர்ப்புக் கருவி எச்சரித்திருக்கும். பற்றரியை மிச்சப்படுத்துவதற்காகக் கிளைடர் விமானி அதனை நிறுத்தி வைத்திருந்தார். சட்டமும் கிளைடருக்கு விலக்களித்திருந்தது. கிளைடர் சிதறிற்று, விமானி பரசூட்டில் இறங்கினார். ஜெட் விமானம் மூக்குடைந்து, சக்கரம் இறங்காமல், வயிற்றால் ஊர்ந்து தரையிறங்கிற்று. அறுவரும் உயிர் தப்பியது நற்பேறே. விசாரணை நடத்திய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, கிளைடருக்குரிய விலக்கை நீக்குமாறு 2008 இற் பரிந்துரைத்தது. என் வினா இதுதான்: நிறுத்தி வைக்கப்பட்ட அக்கருவி யாருடையது? பணம் கொடுத்தவர் கிளைடர் விமானி. ஆனால் அது காக்க வேண்டியிருந்தது ஜெட்டில் இருந்த ஐவரையுமல்லவா? அவ்வைவரிடமும் அவர் விருப்புக் கேட்டாரா? ‘என் உயிர், என் விருப்பு’ என்பது தனித்து மலையேறுபவனுக்குப் பொருந்தலாம். மோதுவதற்கு இருவர் வேண்டும்.

பற்றரியாவது ஓரளவு நியாயமான காரணம். போட்டியாளர் கூறும் காரணம் வெட்கத்துக்குரியது. தான் கண்டுபிடித்த எழுகாற்றை எதிராளி கருவியிற் பார்த்துப் பின்தொடர்ந்து வந்துவிடுவான் என்பதற்காகத் தன்னை மறைத்துக்கொள்ளும் முறையொன்றைக் கேட்டனர். கருவியை ஆக்கியோரும் அத்தகைய ஒளிப்பு முறையை அதனுள் வைத்துக்கொடுத்தனர். மோதும் அபாயம் நேர்ந்தால் எச்சரிக்கை வரும், ஏனைய விவரம் மறைக்கப்படும் என்பது அவர்கள் சமாதானம். ஆனால் எழுகாற்றுத் தூணை நோக்கி விரைபவனுக்குக் கிட்டத்தட்ட எல்லாமே அபாய விவரந்தான். ஒரு கிண்ணத்துக்காகத் தன் இருப்பை அயலவனிடமிருந்து ஒளிக்கும் ஒருவனை விளையாட்டு வீரன் என அழைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு கூறியதனால் கருவியை விற்போரின் பக்கத்தில் நான் நிற்பதாக எவரும் கொள்ளற்க. ஃபிளார்ம் பேசும் வானொலி மொழி மறைகுறியிட்டது, நிறுவனத்தின் சொத்து. அம்மொழியை அறிய வேண்டுமாயின் உரிமம் வாங்க வேண்டும். கருவியின் உள்நிரலையும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பியாதது வேலை செய்யாது. பறப்போரின் அந்தரங்கத்தைக் காப்பதற்கும் கருவிகளின் தரத்தைக் காப்பதற்குமே மறைகுறி என அவர்கள் கூறுகின்றனர். அதில் உண்மை சிறிதும் இல்லை என்று கூறமாட்டேன். ஆயின் மேலே போட்ட கணக்கை நினைவுகூர்க. இருவரிடமும் இருந்தாலே பயன் எனும் ஒரு பொருளை ஒருவர் மாத்திரமே விற்கலாமாயின், விற்பவருக்கு அதைவிடச் சிறந்த நிலை வேறில்லை. வாங்கும் ஒவ்வொருவனும் அயலவனையும் அவரிடமே வாங்குமாறு நெருக்குகின்றான். அதன் விளைவாக மாற்றுக் கருவிகளும் தோன்றி ஒவ்வொன்றும் தன் மொழியைப் பேசுகின்றது. ஒரே தூணில் மூவர் மூன்று மொழியிற் கூவ, ஒருவர் கூவுவது மற்றவர்க்குப் புரியாத நிலை. மொழி புரியாமை எங்கே கொண்டு விடும் என்பதை இந்நாட்டவர்க்கு விளக்கிக் கூற வேண்டுவதில்லை. பரகிளைடர் பறப்போர் பயன்படுத்தும் ஃபனெற் எனும் முறை எவரும் படித்துச் செய்யத்தக்க திறந்த மொழியுடையது. ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு முகமையும் 2022 இற் சிறு விமானங்களுக்கான திறந்த வரையறையொன்றை வெளியிட்டது. எச்சரிக்கைக் குரல் ஒருவருடைய சொத்தாக இருத்தலாகாது. வீதியிலே ‘விலகு’ எனக் கத்துவதற்கு எவரும் உரிமம் கேட்பதில்லை.

இனி, எமக்கு இதனால் என்ன என்றவர்களிடம் மீண்டும் வருகின்றேன். எமது வானத்திற் கிளைடர் இல்லை. ஆனால் அராலிக் கரையில் நின்று இரவிற் பரவைக்கடலைப் பாருங்கள். சிறகுவலைக்கும் நண்டு வலைக்கும் செல்லும் வள்ளங்கள், வெளியிணைப்பு மோட்டார் பூட்டிய பைபர் வள்ளங்கள், தீவுப்பகுதிக் கலங்கள் எல்லாம் ஆழமற்ற, ஒடுங்கிய ஓட்டங்களிலே போகவும் வரவும் வேண்டியுள்ளது. கிளைடரின் எழுகாற்றுப் போலவே இங்கும் கடல் பரந்தது, ஓடத்தக்க வழி ஒடுங்கியது. வெளிச்சம் சிலரிடம் உண்டு, சிலரிடம் ரோச் லைற் மாத்திரமே உண்டு. மாரி இரவில் அதுவும் தெரியாது. பெரிய கப்பல்களுக்குத் தன்னியக்க அடையாளக் கருவி சர்வதேசச் சட்டத்தினாற் கட்டாயம். சிறு வள்ளத்துக்கு ஒன்றுமில்லை.

இலங்கையில் மீன்பிடிக் கலங்களுக்குக் கருவியே பூட்டப்படவில்லையா எனின், பூட்டப்பட்டது. 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனைத் தடைசெய்தபோது, பலநாட் கலங்களுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் விரைவாக வந்து சேர்ந்தன. அடுத்த ஆண்டு தடை நீங்கிற்று. அக்கருவி கலம் எங்கே நிற்கின்றது என்பதைக் கரையிலுள்ள அலுவலகத்துக்கு அறிவிக்கும். பக்கத்திலே இருளில் வரும் வள்ளத்துக்கு அஃது ஒன்றும் கூறாது. ஏற்றுமதி வருமானத்தைக் காப்பதற்குக் கருவி உண்டு. அயல் வள்ளக்காரனைக் காப்பதற்கு இல்லை. அதனாலேதான் கருவி என்றதும் எமது கடற்றொழிலாளர் வேவு என விளங்கிக்கொள்கின்றனர். கடந்த பல தசாப்தங்களாக இக்கடலிலே கண்காணிக்கப்பட்டும் தடுக்கப்பட்டும் வந்த மக்கள் வேறெவ்வாறு விளங்கிக்கொள்வர்? கண்காணிக்கும் கருவி மேல்நோக்கிப் பேசுவது. மோதல் தவிர்க்கும் கருவி பக்கத்தில் உள்ளவனோடு பேசுவது. கிளைடர் பறப்போர் தமக்காகத் தாமே செய்துகொண்ட கருவியிலிருந்து நாம் கற்கவேண்டியது இவ்வேறுபாட்டையே.

பொறியியற் பீட மாணவர்களிடம் இதனை நேரடியாகவே கேட்கின்றேன். ஜி.பி.எஸ். உணரி, குறைவலு வானொலி, மணியொலி, இரு விளக்கு, உப்புநீர் புகாத பெட்டி: இவற்றில் எதுவும் இன்று அரிய பொருளன்று. திறந்த மொழி ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளது. பொருத்தமான வானொலி அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அதனைப் பல்கலைக்கழகம் கேட்பது தனியொருவன் கேட்பதிலும் எளிது. ஆனால் இறுதியாண்டு ஆய்வுக்கென இரண்டு கருவி செய்து, இரண்டு வள்ளத்திற் கட்டிப் படம்பிடித்துவிட்டு வருவதாயிற் செய்யாமலே விடலாம். நூற்றில் இரண்டு வள்ளம் என்பதன் பயன் பூச்சியத்துக்கு அடுத்தது. ஓர் இறங்குதுறையைத் தெரிந்து, அங்குள்ள கடற்றொழிலாளர் சங்கத்தோடு பேசி, சங்கத்தின் எல்லா வள்ளத்துக்கும் ஒரே வேளையிற் பூட்டவேண்டும். கருவியின் மொழியும் வரைபடமும் சங்கத்திடமே இருக்கவேண்டும். அத்தோடு, அக்கருவி கரைக்கு ஒரு சொல்லும் அனுப்பலாகாது என்பது முதல் நிபந்தனையாக எழுதப்படல் வேண்டும். அந்நிபந்தனை இல்லையெனின், நெவாடா விமானி செய்ததையே அராலி வள்ளக்காரரும் செய்வர். துறையைத் தாண்டியதும் ஆளியை நிறுத்திவிடுவர்.